பாலத்துக்கும் கடலுக்கும் அஞ்சுவோர் அந்த அச்சத்தைத் தளர்த்திக்கொள்ளும் முறை

பாம்பன் சாலைப் பாலத்தில் பேருந்து ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொள்பவர்கள், இராமேசுவரத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணம் என்றால் பாலத்துக்கு இப்பாலுள்ள மண்டபம் என்ற ஊரோடு நின்றுவிடுபவர்கள், கடற்கரை மணலில் கால் வைத்ததுமே அலறும் பிள்ளைகள் ஆகியோருக்காகவும், அவர்களோடு வாழும் குடும்பத்தாருக்காகவும் இதை எழுதுகிறேன். இத்தகைய அச்சம் எப்படிக் கற்கப்படுகிறது, கற்ற பிறகு எதனால் ஆண்டுக்கணக்கில் நிலைத்துவிடுகிறது என்பதை நடத்தை உளவியல் தெளிவாகவே விளக்கியிருக்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் அச்சம் தொடங்கிய நாளைப் பற்றியே பேசிப் பேசி ஓய்ந்துவிடுகின்றன. அதை இன்றைக்கும் வளர்த்துக்கொண்டிருக்கும் அன்றாடப் பழக்கத்தைக் கவனிப்பதில்லை. கை வைக்க வேண்டிய இடம் அந்தப் பழக்கம்தான்.

எந்த அச்சத்தை மாற்ற வேண்டும், எதை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும்போது கடலுக்குப் போக மறுப்பவருக்கு எந்தக் கோளாறும் இல்லை. அவர் விவரம் அறிந்தவர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்து, அங்கே போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலையும் வாரிக்கொண்டு போன கரை இது. தனுஷ்கோடியை அடுத்த நிலமுனையான அரிச்சல்முனையில் நீரோட்டத்தின் இழுப்பை அறிந்து தண்ணீரில் இறங்காமலிருப்பதும் அறிவுடைமையே. போபியா என்று மருத்துவர்கள் சொல்வது வேறு: உண்மையான ஆபத்தின் அளவுக்குப் பொருந்தாமல் மிகுந்து நிற்பது, அந்தப் பொருளையோ இடத்தையோ எதிர்கொள்ளும்போதெல்லாம் எழுவது, ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிப்பது, வேலை, படிப்பு, உறவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை முடக்குவது. இந்த அடையாளங்கள் பொருந்தினால் மட்டுமே கீழே வருவன உங்களுக்கு உரியவை.

அச்சம் கற்கப்படும் விதம்

ரஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லவ், உணவு வரும் முன்பு ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்ததால், பின்னர் அந்த ஒலிக்கு மட்டுமே நாய்க்கு உமிழ்நீர் சுரந்ததைக் காட்டினார். அதே வழியில் அச்சத்தையும் ஒட்டவைக்க முடியும் என்று 1920-இல் அமெரிக்காவில் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் காட்டினார்கள். ஒரு வயதுகூட நிறையாத ஆல்பர்ட் என்ற குழந்தை வெள்ளை எலியைத் தொட்டு விளையாடியபோதெல்லாம், குழந்தையின் தலைக்குப் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்துப் பேரோசை எழுப்பினார்கள். சில முறைக்குள் எலியைப் பார்த்தாலே குழந்தை அழுதது. முயலுக்கும் நாய்க்கும் உரோமச் சட்டைக்கும்கூட அந்த அச்சம் பரவியது. அந்தக் குழந்தையின் அச்சத்தைப் போக்காமலே அனுப்பிவிட்டார்கள் என்பது இந்த ஆய்வின் மீது இன்றளவும் உள்ள நியாயமான குற்றச்சாட்டு.

இது நம் கரையில் எப்படி நிகழும் என்று பார்ப்போம். முதுகுளத்தூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமியில் பிறந்து, இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்துக்கு வாழ்க்கைப்பட்ட ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். ஆடி மாதத்து ஒரு பகல். காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிடவில்லை. பாலத்தின் நடுவில் வாகனங்கள் தேங்கியதால் பேருந்து நிற்கிறது. காற்று பக்கவாட்டில் அறைகிறது. எதிரே லாரி கடக்கும்போது தரை அதிர்கிறது. தலை சுற்றி, நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, இதோ சாகப்போகிறோம் என்று அவருக்குத் தோன்றுகிறது. உண்மையில் எதுவும் நடக்கவில்லை. பாலம் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு உடலுக்குள் எழுந்த அந்தப் பேரச்சமே, ஆல்பர்ட்டுக்கு இரும்புத் தண்டின் ஓசை செய்த வேலையைச் செய்துவிடுகிறது. பிறகு பாலம் வந்தால் படபடப்பு; அடுத்து, மண்டபம் தாண்டியதும் கடல் கண்ணில் பட்டாலே படபடப்பு; கடைசியில், நாளை ஊருக்குப் போக வேண்டும் என்ற நினைப்புக்கே முந்தைய இரவு தூக்கம் கெடுகிறது.

எல்லோரும் இப்படி நேரடியாக அடிபட்டுத்தான் கற்கிறார்கள் என்பதில்லை. நேரடி அனுபவம், பிறர் அஞ்சுவதைப் பார்ப்பது, பிறர் சொல்லக் கேட்பது என மூன்று வழிகளை ஸ்டான்லி ராக்மன் 1977-இல் எடுத்துரைத்தார். அலையைக் கண்டதும் தாய் பிள்ளையின் கையை வெடுக்கென்று இழுக்கும்போது, பிள்ளை அலையைவிடத் தாயின் முகத்தைத்தான் படிக்கிறது. ஆய்வகத்தில் வளர்ந்து பாம்பையே அறியாத குரங்குகள், காட்டில் வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு மிரளுவதைப் பார்த்த மாத்திரத்தில் தாமும் மிரளத் தொடங்கியதை 1980-களில் சூசன் மினேக்காவும் மைக்கேல் குக்கும் கண்டார்கள். அதே மிரட்சியைப் பூவைப் பார்த்து எழுவதுபோலப் படக்காட்சியில் மாற்றிக் காட்டியபோது குரங்குகள் பூவுக்கு அஞ்சக் கற்கவில்லை. உயரம், ஆழமான நீர், பாம்பு போன்று நம் முன்னோரின் உயிருக்கு உலை வைத்தவற்றுக்கு அஞ்ச உடல் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கிறது என்று மார்ட்டின் செலிக்மன் 1971-இல் சொன்னதற்கு இது பொருந்தி வருகிறது. எனவே பாலத்துக்கு அஞ்சுபவர் தம்மைக் கோழை என்று நினைத்துக் கூனிக்குறுக வேண்டியதில்லை. உயரமும் ஆழமும் காற்றும் ஒரே இடத்தில் கூடுவது அச்சம் எளிதில் பற்றிக்கொள்ளும் சேர்க்கை.

மீனவர் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஐந்து வயதிலிருந்தே வள்ளத்தைச் சுற்றி விளையாடி, கரைவலை இழுக்கும் இடத்தில் முழங்கால் நீரில் நின்று வளர்ந்த பிள்ளைக்கு ஒருநாள் சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டுத் தோல் எரிந்தாலும், அல்லது அலை புரட்டி மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறினாலும், மறுவாரமே அது கடலுக்குத் திரும்பிவிடும். கெட்ட அனுபவத்துக்கு முன்பே நல்ல அனுபவங்கள் நிறையச் சேர்ந்திருந்தால் அச்சம் எளிதில் ஒட்டாது என்பது சோதனைகளில் உறுதிப்பட்டது. மேலே சொன்ன குரங்குகளிலும், பாம்பைக் கண்டு கலங்காத குரங்கை முதலில் பார்த்தவை பெரும்பாலும் பின்னர் மிரட்சியைக் கற்கவில்லை. உங்கள் பிள்ளை இன்னும் கடலுக்கு அஞ்சத் தொடங்கவில்லை என்றால், அமைதியான நாட்களில் அடிக்கடி கரைக்கு அழைத்துப் போவதே மிகச் சிறந்த காப்பு.

கற்ற அச்சம் நீங்காமலிருப்பதன் காரணம்

நாய்க்கு ஒலி மட்டும் கேட்டு உணவு வராமலே போனால் உமிழ்நீர் சுரப்பது நாளடைவில் நின்றுவிடும். அப்படியானால், பாலத்தில் அதன் பிறகு எந்தக் கேடும் நேராதபோது பால அச்சமும் தானே நிற்க வேண்டும் அல்லவா? நிற்பதில்லை. இதற்கு 1947-இல் ஹோபார்ட் மவ்ரர் தந்த விடை, இந்த விஷயம் முழுவதற்கும் திறவுகோல். அச்சம் பிறப்பது பாவ்லவ் காட்டிய வழியில். அது நிலைப்பது, தவிர்ப்பதால் கிடைக்கும் நிம்மதியில்.

அந்தப் பெண்ணிடமே வருவோம். அண்ணன் மகளுக்குச் சடங்கு. பரமக்குடிக்குப் போக வேண்டும். காலையிலிருந்தே வயிறு பிசைகிறது. கடைசி நேரத்தில், தலைவலி என்று சொல்லிப் பயணத்தை விட்டுவிடுகிறார். அடுத்த நொடியே நெஞ்சு லேசாகிறது. அந்த லேசான உணர்வுதான் அவருக்குக் கிடைக்கும் கூலி. வேதனை நீங்குவதையே பலனாகப் பெறும் செயல் மேலும் மேலும் வலுப்படுவதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். போகாமலிருந்தது பலன் தந்துவிட்டதால், அடுத்த முறை போகாமலிருப்பது இன்னும் எளிதாகிறது. அதோடு, பாலத்தைக் கடந்தால் ஒன்றும் ஆகாது என்ற செய்தி அவர் உடலுக்கு எட்டும் வாய்ப்பும் பறிபோகிறது. 1950-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் சாலமனும் உடனிருந்தோரும் செய்த சோதனைகளில், மின்னதிர்ச்சியைத் தவிர்க்கத் தடுப்பைத் தாண்டிக் குதிக்கப் பழகிய நாய்கள், அதிர்ச்சி அடியோடு நிறுத்தப்பட்ட பிறகும் நூற்றுக்கணக்கான முறை குதித்துக்கொண்டே இருந்தன. நின்று பார்த்தால்தானே அதிர்ச்சி வரவில்லை என்று தெரியும்.

தவிர்ப்பது என்றால் வீட்டிலேயே இருந்துவிடுவது மட்டுமன்று. பேருந்தில் ஏறியும் தவிர்க்கலாம். இதைப் பலரும் கவனிக்கத் தவறுகிறார்கள். முன்னிருக்கைக் கம்பியை விரல் வெளுக்கப் பற்றிக்கொள்வது, ஜன்னல் பக்கம் திரும்பாமல் மடியையே பார்ப்பது, எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்திருப்பது, கணவரின் தோளை விடாமலிருப்பது, செல்பேசியில் பாட்டைச் சத்தமாக வைப்பது, "பாலம் முடிஞ்சதும் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டு கண்ணை மூடுவது ஆகிய அனைத்தும் மறைமுகத் தவிர்ப்பே. பாலத்தைப் பத்திரமாகக் கடந்தாயிற்று. ஆனால் அதற்கான நன்றி எலுமிச்சம்பழத்துக்குப் போய்விடுகிறது. பாலம் பாதுகாப்பானது என்பதை மனம் கற்கவில்லை. பழம் இருந்ததால் பிழைத்தோம் என்றே கற்கிறது.

பயந்த கோளாறு என்று சொல்லிக் கோயிலில் விபூதி பூசுவதையோ, தர்காவில் ஓதி நூல் கட்டுவதையோ நான் குறைசொல்லவில்லை. வீட்டைவிட்டுப் புறப்படவே துணிவில்லாதவருக்கு அந்த நூல் துணிவு தருமானால் அது நல்லதே, கட்டிக்கொண்டு புறப்படட்டும். நூல் இல்லாத நாளில் பாலத்தின் பக்கமே போக முடியாது என்ற நிலை வந்தால், நூலும் கம்பியையும் பழத்தையும் போல ஆகிவிட்டது என்று அறிந்து, அதைச் சார்ந்திராமலும் போய்ப் பழக வேண்டும். நம்பிக்கையைக் கைவிட வேண்டியதில்லை.

குடும்பத்தின் பாசமும் அச்சத்தை வளர்க்கும். அம்மா பயப்படுவார் என்று மகன் மருந்து வாங்கி வந்து தருவதும், மருமகளுக்காக விசேஷத்தையே தீவுக்குள் மாற்றிக்கொள்வதும் அன்பினால் செய்யப்படுபவை; ஆயினும் ஒவ்வொரு முறையும் அவை தவிர்ப்புக்குத் தரப்படும் கூலி. இதற்கு நேர்மாறாக, "எல்லாம் நடிப்பு" என்று ஏசுவதும், பயம் தெளியட்டும் என்று பிள்ளையைத் தூக்கிக் கடலில் போடுவதும் அதைவிடக் கேடு. தூக்கிப் போடப்பட்ட பிள்ளை கற்பது, கடலும் ஆபத்து, அப்பாவின் கையும் ஆபத்து என்பதை.

தளர்த்தும் முறை

அச்சத்தை முதன்முதலில் முறையாகத் தளர்த்திக் காட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ். 1924-இல் வெளியான அவருடைய ஆய்வில், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவன் விருப்பமான உணவை உண்ணும்போது, அவனுக்குத் தொல்லை தராத தொலைவில் கூண்டு முயலை வைத்து, நாளுக்கு நாள் சற்றே நெருக்கினார். அஞ்சாத பிள்ளைகளையும் அருகில் விளையாடவிட்டார். முடிவில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான். 1958-இல் ஜோசப் வோல்பி இதைப் பெரியவர்களுக்கான சிகிச்சையாக விரித்தார். அச்சத்தை 0 முதல் 100 வரை மதிப்பெண்ணிட்டுப் படிகளாக அடுக்கும் வழக்கம் அவரிடமிருந்து வந்ததே.

ஒரு நோட்டை எடுத்து, அஞ்சும் சூழல்களை எழுதி ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இடுங்கள். பால அச்சத்துக்கு அது இப்படி இருக்கலாம்: செல்பேசியில் பாலத்தின் காணொளியைப் பார்ப்பது 20, மண்டபம் பக்கம் நின்று பாலத்தைப் பார்ப்பது 35, பாலத்தின் நடைபாதையில் துணையோடு முதல் சில விளக்குக் கம்பங்கள் வரை நடப்பது 50, பேருந்தில் உள்பக்க இருக்கையில் துணையோடு கடப்பது 60, ஜன்னலோரத்தில் வெளியே பார்த்தபடி கடப்பது 75, தனியாகக் கடப்பது 85, ஆடிக் காற்றில் இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் கடப்பது 100. உங்கள் எண்கள் வேறாக இருக்கும்; பிறருடைய அடுக்கைப் பார்த்து எழுத வேண்டாம். மிக எளிய படி சலிப்பையும் மிகக் கடினமான படி தோல்வியையும் தரும் என்பதால், 30-க்கும் 50-க்கும் இடைப்பட்ட ஒன்றில் தொடங்குவது பெரும்பாலோருக்கு ஏற்றது.

ஒவ்வொரு படிக்கும் புறப்படும் முன், என்ன நேரும் என்று அஞ்சுகிறீர்களோ அதைச் சுற்றிவளைக்காமல் எழுதுங்கள். "பயமாக இருக்கும்" என்று எழுதினால் போதாது. "நடுப்பாலத்தில் மயங்கி விழுவேன்", "பேருந்து காற்றில் சாயும்" என்று, நடந்ததா இல்லையா என்று பார்க்கத்தக்க விதத்தில் எழுத வேண்டும். திரும்பி வந்ததும் உண்மையில் நடந்ததை அதற்கு எதிரே எழுதுங்கள். எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரிதோ, கற்றலும் அவ்வளவு ஆழமாகும் என்பது அண்மைக்கால ஆய்வாளர்கள் வலியுறுத்தும் கருத்து.

படியில் நிற்கும்போது அச்சம் எழும், எழத்தான் வேண்டும். அதை அடக்க முயலாமல், ஓடவும் செய்யாமல், அங்கேயே இருங்கள். அச்சத்தின் உச்சம் பெரும்பாலும் தானே தணியும். அன்றைக்கு முழுதும் தணியாவிட்டாலும், எழுதி வைத்த கேடு நிகழவில்லை என்பதைக் கண்டுகொள்ளும்வரை நின்றால் அந்த நாள் வீணில்லை. அச்சத்தின் உச்சியில் இறங்கி ஓடிவிட்டால், மீண்டும் அந்த நிம்மதிக் கூலி கைக்கு வந்துவிடும்.

இங்கே பாலத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம் 2 கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த நீளமுடையது. பேருந்து அதைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். அச்சம் இறங்கும் முன்பே பாலம் முடிந்துவிடுவதால், நிம்மதி பாலத்தின் மேல் கிடைப்பதில்லை, கரை சேர்ந்த பிறகே கிடைக்கிறது. வாரந்தோறும் பாலம் கடந்தும் அச்சம் குறையவில்லை என்று சொல்பவர்களுக்கு நேர்வது பெரும்பாலும் இதுவே. எனவே ஒருமுறை கடந்து வீடு திரும்புவது போதாது. மண்டபத்திலிருந்து பாம்பன், பாம்பனிலிருந்து மண்டபம் என்று ஒரே காலையில் சில முறை போய்வர வேண்டும். அல்லது நடைபாதையில் காலாற நடந்து, கைப்பிடிச் சுவருக்கு அருகே நின்று, கீழே போகும் நாட்டுப்படகுகளைப் பார்த்துக்கொண்டு நேரத்தை நீட்ட வேண்டும். பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்துவது பிறருக்கு இடையூறும் ஆபத்தும் ஆகும்; பாலத்தின் முனையில் இறங்கி நடந்தே செல்லுங்கள்.

மேலே சொன்ன மறைமுகத் தவிர்ப்புகளை ஒவ்வொன்றாக விட வேண்டும். முதல் நாள் துணையின் கை இருக்கட்டும். அடுத்து, துணை பக்கத்து இருக்கையில் மட்டும். பிறகு இரண்டு வரிசை தள்ளி. பிறகு மறுகரையில் காத்திருக்கட்டும். கம்பியை விட்டுக் கையை மடியில் வைப்பது சிறிய செயலாகத் தோன்றும். செய்து பார்ப்பவருக்கு அதன் கனம் தெரியும். ஒரு படி கைவந்ததும் நேரத்தையும் சூழலையும் மாற்றுங்கள்: காலையில், இரவில், மழைத் தூறலில், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய தூக்குப் பாலத்தின் வழியே ரயிலில். ஒரே நேரத்தில், ஒரே பேருந்தில் பழகிய துணிவு வேறிடத்தில் உதவாமல் போகலாம்.

கடலுக்கு அஞ்சும் பிள்ளைக்கு இடத்தையும் பருவத்தையும் பார்த்துத் தேர்ந்துகொள்ள வேண்டும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் சீறும். வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும். பெண் கடல் என்று நம்மவர்கள் சொல்லும் பாக் நீரிணைப் பக்கம் அமைதியாக இருக்கும் மாதங்களில், ஆழமில்லாத கரையில் தொடங்குங்கள். பிள்ளை கலங்காத தொலைவில் மணலில் உட்காரவைத்துப் பனங்கிழங்கோ வேர்க்கடலையோ தின்னக் கொடுங்கள். நீரில் விளையாடும் அதன் வயதுப் பிள்ளைகளைப் பார்க்கவிடுங்கள். அடுத்தடுத்த நாட்களில் ஈர மணல், பிறகு பாதம் நனையும் நீர், பிறகு கணுக்கால், பிறகு முழங்கால் என்று போகலாம். எந்த அடியையும் பிள்ளைதான் எடுத்துவைக்க வேண்டும். அவசரப்பட்டு நெருக்கினால் தின்பண்டத்தின் மீதே வெறுப்பு வந்துவிடும். உங்கள் முகம் அமைதியாக இருப்பது எல்லாவற்றினும் முக்கியம்; நீங்களும் கடலுக்கு அஞ்சுபவர் என்றால், இந்த வேலையைச் சித்தப்பாவிடமோ மாமாவிடமோ ஒப்படையுங்கள். நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கையெட்டும் தொலைவில் எப்போதும் இருக்க வேண்டும்.

இந்த முறைக்கு ஒரு விலக்கு உண்டு. இரத்தம், ஊசி, காயம் ஆகியவற்றுக்கு அஞ்சுபவர்களில் பலருக்கு இரத்த அழுத்தம் முதலில் ஏறிப் பின் சட்டென்று விழுவதால் உண்மையிலேயே மயக்கம் வரும். திருக்கை முள் குத்தி, தடுப்பூசி போடப் போன இடத்தில் சுருண்டு விழும் திடகாத்திரமான மீனவர்கள் இந்த வகையினர். அவர்களுக்கு ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ்-யோரன் ஓஸ்ட் வகுத்த முறை பொருந்தும்: கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி, முகத்தில் சூடேறும்வரை இறுக்கி, பிறகு முழுதாகத் தளர்ந்துவிடாமல் இயல்பு நிலைக்கு விட்டு, அரை நிமிடம் கழித்து மீண்டும் இறுக்க வேண்டும், இப்படி ஐந்து முறை. ஊசி போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஊசி ஏறும் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொள்ளலாம்.

இதய நோய், கட்டுப்படாத ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். கடலில் உறவைப் பறிகொடுத்து, அந்தக் காட்சி கனவிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வருபவர்களின் துன்பம் போபியாவைவிட வேறானது. அவர்களைப் படி ஏறச் சொல்வது முறையன்று. அவர்களும், தாமே முயன்று முதல் படியிலேயே தடைப்பட்டு நிற்பவர்களும் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடலாம். அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

தளர்ந்த அச்சம் சில மாதம் கழித்துத் தலைகாட்டினால் கலங்க வேண்டாம். பழைய கற்றல் அழிவதில்லை, புதிய கற்றல் அதன் மேல் படிந்து அதை அமர்த்திவைக்கிறது என்று மார்க் பவுட்டன் முதலியோரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. நீண்ட இடைவெளி, புதிய இடம், புயல் செய்தி, உடல்நலக் குறைவு ஆகிய ஏதேனும் ஒன்று பழையதைத் தட்டியெழுப்பலாம். அப்போது நோட்டை எடுத்து, கடைசியாகக் கைவந்த படிக்கு இரண்டு படி கீழே இறங்கி, அந்த வாரத்திலேயே மீண்டும் தொடங்குங்கள். இம்முறை ஏறுவதற்குப் பெரும்பாலும் முன்பு ஆன நாட்கள் ஆகாது. மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் தேவை இல்லாவிட்டாலும் ஒருமுறை பாலத்தைக் கடந்து வருவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.